பழைய கார்ட்டூனின் உயிரோடு ஒரு நிமிடத் தொடர்: முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

கறுப்பு வெள்ளைப் படம், வெள்ளைக் கையுறை, திரை முழுக்கக் கீறல். பழைய கார்ட்டூன் மாதிரி ஏதாவது செய்யலாம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது இந்த மூன்றையும்தான். வைத்த பிறகும் படம் பழைய படத்தின் வாரிசாகத் தோன்றாது. 1930ல் வேலை பார்த்தவர்கள் ‘1930 பாணி’ என்று ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வரையவில்லை என்பதே காரணம். கறுப்பு உடம்புக்கு முன்னால் கறுப்புக் கை வந்தால் கை தெரியவில்லை, கையுறை மாட்டினார்கள். மிக்கி மவுஸ் கையுறை போட்டது 1929ல்தான், முதல் படங்களில் வெறுங்கை. முழங்கை மூட்டை ஒவ்வொரு தாளிலும் சரியான இடத்தில் வைத்து வரைய நேரமில்லை. கை ரப்பர் குழாயானது. நாம் ரசிக்கும் தோற்றத்தில் பெரும்பகுதி, ஏதோ ஒரு நெருக்கடிக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி.

ஆகவே நகலெடுக்க வேண்டியது அந்த நெருக்கடியை. அதை நமக்கு நாமே விதியாகப் போட்டுக்கொண்டால் தோற்றம் பின்னாலேயே வரும். 1992ல் வந்த பேட்மேன் தொடரைப் பாருங்கள். 1941ல் ஃப்ளைஷர் ஸ்டூடியோ தொடங்கிய சூப்பர்மேன் குறும்படங்களின் சாயல் அதில் இருப்பதற்குக் கட்டடங்களின் வடிவம் மட்டும் காரணமில்லை. அதன் பின்னணிகளைக் கறுப்புக் காகிதத்தின் மேல் வரைந்தார்கள். வெள்ளைத் தாளில் வரைபவர் இருட்டை எங்கே சேர்ப்பது என்று யோசிப்பார். கறுப்புத் தாளில் வரைபவர் வெளிச்சத்தை எங்கே விடுவது என்று யோசிப்பார். அந்த ஒரு முடிவு முழு நகரத்தின் மனநிலையையும் மாற்றிவிட்டது.

கீழே இருப்பது ஒரு நிமிடம் ஓடும் முதல் அத்தியாயத்துக்கான வேலைமுறை. ஃப்ரேம் ஃப்ரேமாக வரைய அனுமதிக்கும் ஏதாவது ஒரு மென்பொருள், ஒரு நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு மெட்ரோனோம் செயலி போதும். முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 60 விநாடிக்கு, விநாடிக்கு 24 ஃப்ரேம் வீதம், 1,440 ஃப்ரேம். ஒரு படத்தை 2 ஃப்ரேம் நிறுத்தி வைப்பதை அனிமேட்டர்கள் ‘டூஸ்’ என்பார்கள். அப்படிச் செய்தால் 720 படம். ஒரு நாளைக்கு 10 படம் சுத்தமாக முடிப்பவருக்கு அது 72 நாள் வேலை. திரும்பத் திரும்ப ஓடும் படவரிசைகளான சைக்கிள்களையும் அசையாத போஸ்களையும் திட்டமிட்டு வைத்தால் 280 படத்தில் முடிக்கலாம், 28 நாள். பழைய ஸ்டூடியோக்கள் சைக்கிளை அவ்வளவு நம்பியதன் காரணம் இந்தக் கழித்தலிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு மூதாதை

‘பழைய கார்ட்டூன்’ என்று ஒன்று கிடையாது. 1930க்கும் 1960க்கும் நடுவே வேலைமுறை நாலைந்து தடவை தலைகீழாக மாறியிருக்கிறது. எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால் எதன் உயிரும் வராது. கீழே உள்ள கிளைகளில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

1928 முதல் 1933 வரையிலான ரப்பர் குழாய்க் காலம்: ஒலி புதிதாக வந்திருந்தது, அதனால் நாற்காலி முதல் மலை வரை எல்லாம் தாளத்துக்கு ஆடும். பெட்டி பூப் 1930ல் வந்தாள், பாப்பாய் 1933ல் திரைக்கு வந்தான். 2017ல் வெளியான கப்ஹெட் விளையாட்டு இந்தக் கிளையில் முளைத்தது. அதன் அசைவுகளைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து, காகிதத்திலேயே மையிட்டு, பின்னணியை வாட்டர்கலரில் தீட்டினார்கள். 1940களின் வார்னர் கிளை வேறு: அங்கே உயிர் போஸில் இருக்கிறது. ஒரு போஸிலிருந்து அடுத்ததற்கு ஓரிரு ஃப்ரேமில் பாய்வார்கள். நடுவில் உடம்பு சாயம் இழுத்துவிட்டதுபோல நீண்டு கிடக்கும். சக் ஜோன்ஸின் 1942 படமான ‘தி டோவர் பாய்ஸ்’ இதற்கு நல்ல பாடம்.

1950ல் யூபிஏ ஸ்டூடியோ ‘ஜெரால்ட் மெக்பாயிங்-பாயிங்’ மூலம் வேறொரு கதவைத் திறந்தது. தட்டையான வடிவம், ஓரிரு கோட்டில் ஒரு அறை, காலியான நிறப்பரப்பு. கோடு இல்லாத உருவங்களோடு 2001ல் வந்த சாமுராய் ஜாக் இந்த வீட்டுப் பிள்ளை. அதற்கடுத்து 1957லிருந்து ஹன்னா-பார்பரா தொலைக்காட்சிக்குச் செய்த சிக்கன அனிமேஷன்: உடம்பு அசையாது, தலை மட்டும் பேசும். யோகி கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பது அழகுக்கு மட்டுமில்லை. தலையைத் தனித் தாளில் வரைந்து மாற்றும்போது ஒட்டு தெரியாமல் மறைக்க அது ஒரு தையல். முதல்முறை செய்பவருக்கு இதுதான் மிக எளிய கிளை. ஆனால் வசனம் நன்றாக இல்லாவிட்டால் இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

காமிக்ஸை மூதாதையாகக் கொள்பவர்களுக்கு வேறு சிக்கல்கள். அவற்றுக்குக் கீழே தனிப்பகுதி இருக்கிறது.

30 விநாடியைப் பிரித்துப் போடுங்கள்

தேர்ந்தெடுத்த கிளையில் ஒரு படத்திலிருந்து 30 விநாடி எடுங்கள். 720 ஃப்ரேம். வீடியோவை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். யூடியூபில் கமா, புள்ளி விசைகள் பின்னும் முன்னும் ஒரு ஃப்ரேம் போகும். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஃப்ரேம் எண், படம் மாறியதா, திரையில் எது அசைகிறது. இரண்டு மாலை வேலை. அலுப்பாக இருக்கும், இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள். எந்தப் புத்தகமும் சொல்லாததை இந்த மூன்று பத்தி சொல்லும்.

எண்ணும்போது ஒரு பொறி உண்டு. 24 ஃப்ரேம் படத்தை 30 ஃப்ரேம் வீடியோவாக மாற்றும்போது ஒவ்வொரு 4 ஃப்ரேமும் 5 ஆகிவிடும். அப்போது ஐந்தில் ஒன்று இரட்டிப்பாகவோ, இரண்டு சீப்புப் பல்லைப்போல வரி வரியாகக் கலங்கியோ தெரியும். அது அனிமேட்டர் வைத்த நிறுத்தம் அல்ல, எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். 25 ஃப்ரேம் முறைக்கு மாற்றப்பட்ட பிரதிகளில் படம் 4 சதவீதம் வேகமாக ஓடும், இசையின் சுதியும் கொஞ்சம் ஏறியிருக்கும். அதை வைத்துத் தாளம் கணக்கிட்டால் உங்கள் பாத்திரம் அவசரமாக நடக்கும்.

எண்ணி முடித்ததும் ஒரு தாளில் விதிகளை எழுதுங்கள். எட்டு விதிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்று சோதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘பழைய உணர்வு வர வேண்டும்’ என்பது விதி அல்ல. ‘கேமரா நகராது, பின்னணிதான் நகரும்’, ‘கைக்கு முழங்கை கிடையாது’, ‘ஒரு சிரிப்புக்கு 3 தடவைக்கு மேல் அதே பொருளைப் பயன்படுத்தக்கூடாது’, ‘பாதம் தரையில் படுவது தாளத்தில் மட்டும்’: இவைதான் விதிகள். வேலை நடுவில் ஒரு விதியை மீற ஆசை வரும். மீறுவதற்குப் பதில் அந்தக் காட்சியை மாற்றுங்கள். நல்ல சிரிப்புகள் அந்த மாற்றத்தில்தான் பிறக்கின்றன.

உருவம்

ரப்பர் குழாய்ப் பாத்திரத்துக்குத் தலை ஒரு வட்டம், உடம்பு ஒரு பேரிக்காய், மொத்த உயரம் 3 தலை. கையும் காலும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். கை நுனிக்குப் போகப் போக மெலிந்தால் உடனே அது வேறு பத்தாண்டுக்குப் போய்விடும். விரல் மூன்று, கட்டைவிரல் ஒன்று. கருவிழியில் ஆப்பு வெட்டினால் அந்த ஆப்பு எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை மாடல் ஷீட்டிலேயே, அதாவது பாத்திரத்தின் மாதிரி வரைபடத் தாளிலேயே, முடிவு செய்யுங்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் திசை மாறினால் பார்வை மினுமினுக்கும்.

உருவத்தை முழுக்கக் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். நிழலை மட்டும் பார்த்து அது என்ன செய்கிறது என்று சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் கையை உடம்புக்கு வெளியே இழுங்கள். பழைய படங்களில் செயல் எல்லாம் பக்கவாட்டிலேயே நடப்பதன் காரணமும் இதுதான்.

இழுத்து நீட்டும்போது பரப்பு மாறக்கூடாது. உயரம் கால் பங்கு கூடினால் அகலம் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். நீட்டுவதை மட்டும் செய்து ஒடுக்குவதை மறந்தால் பாத்திரம் ஊதியது போலவும் சுருங்கியது போலவும் துடிக்கும். பொருளுக்கு எடை போய்விடும்.

திரும்புவதில் எல்லாரும் தடுமாறுகிறார்கள். மிக்கியின் காது எந்தக் கோணத்திலும் முழு வட்டம். நிஜத்தில் அது நடக்காது. எனவே தலை திரும்பும்போது காது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சறுக்கியாக வேண்டும். சார்லி பிரவுனின் தலைக்கும், தெசுகா ஒசாமுவின் ஆஸ்ட்ரோ பாயின் இரண்டு முடிக் கொம்புகளுக்கும் இதே சிக்கல் உண்டு. காகிதத்தில் பிறந்த உருவங்கள் சில கோணங்களுக்காகவே பிறந்தவை. முப்பரிமாணத் தர்க்கத்தோடு அவற்றைச் சுற்றிவிடப் பார்த்தால் நடுவில் ஓர் அந்நிய முகம் வந்து போகும். அதற்குப் பதிலாகத் தலையை ஒரு படத்தில் கீழே இறக்கி, கண்ணை மூடி, அடுத்த படத்தில் மறுபக்கக் கோணத்தில் எழுப்புங்கள். 4 ஃப்ரேமில் முடிந்துவிடும். கண் அதைத் திரும்புதலாகவே ஏற்றுக்கொள்ளும்.

தாளம் முதலில், படம் பிறகு

1928ல் ‘ஸ்டீம்போட் வில்லி’யைச் செய்தபோது டிஸ்னி குழு மெட்ரோனோமை வைத்துப் படத்தின் ஃப்ரேம்களையும் இசையின் அடிகளையும் முன்கூட்டியே கட்டிப்போட்டது. ரப்பர் குழாய்க் கிளையின் உயிர்நாடி இது. வரைந்த பிறகு இசையைத் தேடி ஒட்டுவது இந்தக் கிளையில் வேலைக்கே ஆகாது.

சூத்திரம் ஒன்றுதான்: 1,440ஐ ஓர் அடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கையால் வகுத்தால் நிமிடத்துக்கான அடிகள் கிடைக்கும். 12 ஃப்ரேமுக்கு ஓர் அடி என்றால் 120. 10 என்றால் 144, 8 என்றால் 180, 16 என்றால் 90. முதல் முயற்சிக்கு 12ஐ எடுங்கள். 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் வகுபடும், டூஸில் 6 படமாகச் சரியாக உட்காரும். 110 அடி வேகத்தில் ஒரு பாட்டு பிடித்திருக்கிறது என்று எடுத்தால் ஓர் அடிக்கு 13.09 ஃப்ரேம் வரும். அந்தப் பின்னம் 22 அடிக்குள் 2 ஃப்ரேமாகச் சேர்ந்து, பாதம் தாளத்தை விட்டு விலகுவது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இசையமைக்க யாரும் இல்லாவிட்டால் 120ல் ஒரு வெறும் டிக் டிக் ஓசையைப் போட்டு வரையுங்கள். அதே வேகத்தில் பிறகு வாசிக்கச் சொல்லலாம்.

ஒரு நிமிடத்துக்கு 120 அடி, நான்கு நான்காக 30 ஆவர்த்தம். நோட்டில் 30 பெட்டி போட்டு ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். ஸ்டோரிபோர்ட் இந்தப் பெட்டிகளுக்கு மேல்தான் வர வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு சின்னக் கிறுக்கல் போதும். ஒரு சிக்கல், அது மூன்று முறை ஏறுவது, கடைசியில் எதிர்பாராத பக்கம் திரும்புவது: இதற்கு மேல் ஒரு நிமிடம் தாங்காது. வசனமே இல்லாமல் முயலுங்கள்.

அடி விழும் அதே ஃப்ரேமில் படத்தை வைத்தால் சற்றுத் தாமதமாக உணரப்படும். செயல் முடியும் படத்தை ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் தள்ளிப் பாருங்கள். வாய் அசைவுக்கும் இதே.

ஃப்ளைஷர் ஸ்டூடியோ இதற்கு நேரெதிராக, படத்தை வரைந்து முடித்துவிட்டுக் குரலைப் பதிவு செய்யும் வழக்கம் வைத்திருந்தது. வாய் அசையாமலே பாப்பாய் பல்லுக்கிடையில் முணுமுணுத்துக்கொண்டே போவது அங்கிருந்து வந்தது. குரல் கொடுப்பவர் நல்ல கற்பனைக்காரராக அமைந்துவிட்டால் இந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். வாய் அசைவு வரையும் வேலை பாதி குறையும், படத்துக்கு ஒரு தெருச் சலசலப்பும் கிடைக்கும்.

நடையும் வழுக்கும் காலும்

12 ஃப்ரேமுக்கு ஓர் அடி வைத்தால் இரண்டு எட்டு (காலடி) கொண்ட ஒரு நடைச் சைக்கிள் 24 ஃப்ரேம், டூஸில் 12 படம். 1930களின் துள்ளல் நடைக்கு உடம்பு ஓர் எட்டில் இரண்டு முறை இறங்கி எழ வேண்டும். ஓர் எட்டின் 6 படங்களும் இப்படி வரும்: கீழே, நடு, மேலே, கீழே, நடு, மேலே. பாதம் தரையைத் தொடுவது முதல் படத்தில் மட்டும். ஒரே முறை இறங்கினால் அது சாதாரண நடை, பாட்டு நின்றுவிட்டதுபோல் இருக்கும்.

திரை 1440க்கு 1080 பிக்சல் என்று வையுங்கள், அதுதான் 4:3. பாத்திரம் திரை நடுவில் நடக்க, பின்னணி பின்னோக்கி ஓடும். ஓர் எட்டு 144 பிக்சல் என்றால் ஒரு சைக்கிளுக்கு 288, ஒரு ஃப்ரேமுக்கு 12 பிக்சல். பின்னணி நான்கு திரை அகலம், 5,760 பிக்சல். அதன் வலது ஓரத்தில் முதல் 1,440 பிக்சலை அப்படியே மறுபடி ஒட்டுங்கள், மொத்தம் 7,200. ஃப்ரேமுக்கு 12 வீதம் 480 ஃப்ரேமில், அதாவது சரியாக 20 விநாடியில், பின்னணி ஒரு சுற்று முடித்துத் தொடக்கத்தோடு ஒட்டும். சைக்கிளும் அதற்குள் சரியாக 20 முறை ஓடியிருக்கும். 12 படத்தில் 20 விநாடி.

பின்னணியில் கண்ணைக் கவரும் மரமோ விளம்பரப் பலகையோ ஒன்றே ஒன்று இருந்தால் சுற்று திரும்புவது பிடிபடும். ஒன்று, எதுவும் தனித்துத் தெரியாமல் வரையுங்கள். இல்லையென்றால் அந்த மரமே ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது செய்யட்டும்.

கால் ஏன் வழுக்குகிறது? அநேகமாக இதுதான்: பின்னணியை மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 12 பிக்சல் நகர்த்துகிறது, பாத்திரமோ 2 ஃப்ரேமுக்கு ஒரு முறைதான் மாறுகிறது. இரண்டாவது ஃப்ரேமில் தரை நகர்ந்திருக்க, பாதம் நகராமல் நிற்கும். பாதம் நடுங்கும். இரண்டு வழி உண்டு. பின்னணியையும் 2 ஃப்ரேமுக்கு ஒருமுறை 24 பிக்சலாக நகர்த்தலாம். இல்லையென்றால் நடையை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு படமாக, 24 படமாக வரையலாம். வேகமான ஓட்டத்துக்கு முதல் வழி கண்ணை உறுத்தும். செங்குத்துக் கோடுகள் இரட்டையாகத் தெரியும். வேலி, தூண் போன்றவற்றை அங்கே தவிர்த்துவிடுங்கள். கணினி தானாகப் போடும் இடைப்படங்களை இந்தக் கிளையில் அணைத்தே வையுங்கள். அவை ஒரே சீராக மிதக்கும், துள்ளலைக் கொன்றுவிடும்.

கோடு கொதிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நின்றுகொண்டிருக்கும் பாத்திரத்தை மூன்று முறை படியெடுத்து மாற்றி மாற்றி ஓட்டினால் கோடு நெளியும், ‘பழசு மாதிரி’ இருக்கும் என்று பலர் செய்கிறார்கள். வின்சர் மெக்கேயின் 1914 ‘கெர்ட்டி’ படத்தில் பின்னணி நடுங்குவது உண்மைதான், ஒவ்வொரு தாளிலும் பின்னணியையும் சேர்த்து மறுபடி வரைந்ததால் வந்த நடுக்கம் அது. அதே 1914ல் ஏர்ல் ஹர்ட் செல் (ஒளிபுகும் செல்லுலாய்டு தாள்) முறைக்குக் காப்புரிமை கோரினார். பாத்திரம் ஒளிபுகும் தாளுக்கு மாறியபின் பின்னணி ஒரே படமாக அசையாமல் நின்றது. நிற்கும் உருவமும் ஒரே செல்லாகக் கல்லாக நின்றது. 1930களின் படம் செய்பவர் கோட்டைக் கொதிக்க விட்டால் இரண்டு காலத்தைக் குழப்புகிறார்.

காமிக்ஸிலிருந்து வருபவர்களுக்கு

காமிக்ஸில் நேரம் வாசகர் கையில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் அவர் பத்து விநாடி நிற்பார், அடுத்ததை அரை விநாடியில் தாண்டுவார். கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைச் சந்தில் நடப்பதை அவரே கற்பனை செய்துகொள்கிறார். புதிதாகச் செய்பவர்கள் அந்தச் சந்தை அசைவால் நிரப்பிவிடுகிறார்கள். ஒருவர் கதவைத் திறக்கும் கட்டம், அடுத்து அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கட்டம். அனிமேஷனில் அவர் கதவிலிருந்து நாற்காலிவரை நடந்து வருகிறார். அந்த நடையில் மூல வேகம் செத்துவிடும். சந்தை வெட்டாகவே வையுங்கள். கட்டத்துக்குள் என்ன அசைய வேண்டும் என்பதை மட்டும் யோசியுங்கள்.

பேச்சுக் குமிழில் இருப்பதை அப்படியே நடிகர் வாயில் போடாதீர்கள். கண்ணால் படிப்பது வாயால் பேசுவதைவிட வேகம். ஸ்டாப்வாட்ச் வைத்துச் சத்தமாகப் படியுங்கள். ஒரு கட்டத்தின் வசனம் 5 விநாடியைத் தாண்டினால், அந்த 5 விநாடியும் முகத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டுங்கள்.

கோடு: எர்ஜேயின் டின்டின் வழியில் போகிறவர்களுக்குக் கோடு எங்கும் ஒரே தடிமன், நிழலுக்குக் கீற்று கிடையாது, நிறம் தட்டை. அனிமேஷனுக்கு இதைவிட வசதியான கோடு இல்லை; 1991ல் வந்த டின்டின் தொலைக்காட்சித் தொடர் பக்கத்தின் கட்டமைப்பை அவ்வளவு நெருக்கமாகப் பின்பற்ற முடிந்ததில் அதற்குப் பங்குண்டு. கெடுப்பது ஒன்றே ஒன்று: தூரத்தில் நிற்கும் பாத்திரத்துக்கு, பெரிதாக வரைந்ததைச் சுருக்கிப் போடுவது. 50 சதவீதம் சுருக்கினால் 4 பிக்சல் கோடு 2 ஆகிவிடும், பக்கத்தில் நிற்பவரோடு ஒட்டாது. சின்ன அளவுக்கு விவரங்களைக் குறைத்து, அதே 4 பிக்சலில் புதிதாக வரையுங்கள்.

நிறம்: பழைய அமெரிக்க காமிக்ஸ் புத்தகங்களில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்று மையும் 0, 25, 50, 100 சதவீதம் என்று நான்கு நிலைகளில் மட்டும் அச்சாயின. 4 பெருக்கல் 4 பெருக்கல் 4, மொத்தம் 64 நிறம். அதற்கு மேல் கறுப்பு. இந்த 64ஐ ஒரு தட்டாகச் செய்து வைத்துக்கொண்டு அதற்கு வெளியே போகாதீர்கள். தோல் நிறம், இரவு வானம், மரப்பலகை எல்லாவற்றுக்கும் அதற்குள்ளேயே தேடும்போது அந்தக் காலப் பக்கத்தின் துணிச்சலான நிறச்சேர்க்கை தானே வந்துவிடும். எந்த ஃபில்டரும் தராத பலன்.

புள்ளிகள்: அச்சுப் புள்ளிகளைத் திரை முழுவதற்கும் ஒரே அடுக்காகப் போட்டால், பாத்திரம் நகரும்போது புள்ளி நிற்கும். புள்ளி போட்ட கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் யாரோ நடப்பதுபோல் இருக்கும். புள்ளியைப் பாத்திரத்தின் நிற அடுக்கோடு கட்டி, படம் மாறும்போது மட்டும் அதுவும் மாறும்படி வையுங்கள். முழு உடம்புக்கும் வேண்டாம். நிழல் விழும் பகுதிக்கு மட்டும். புள்ளியின் இடைவெளி 1080 உயரத் திரையில் 6 பிக்சலுக்குக் கீழே போனால், வீடியோவைச் சுருக்கும்போது அவை அலை அலையாகக் கலங்கிவிடும். 8 முதல் 10 பாதுகாப்பு.

கதை மனப்பான்மையை எடுத்துக்கொள்வதும் உண்டு. 1987ல் வந்த டக்டேல்ஸ் தொடர் கார்ல் பார்க்ஸ் காமிக்ஸில் உருவாக்கிய உலகத்திலிருந்து கிளம்பியது. ஸ்க்ரூஜ் மாமா 1947ல் பார்க்ஸ் வரைந்த பக்கத்தில்தான் முதலில் தோன்றினார். புதையலைத் தேடும் ஆசையும் கஞ்சத்தனமும் ஒரே ஆளுக்குள் இழுத்துக்கொள்வது பக்கத்திலிருந்து திரைக்குக் குறையாமல் வந்தது. கோட்டைவிட இதைக் கொண்டுவருவது கடினம். மூலக் கதைகளில் ஐந்தைப் படித்து, ஒவ்வொன்றிலும் நாயகர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். ஐந்து வரியும் ஒன்றையே சுட்டினால் அது உங்கள் விதித்தாளின் முதல் விதி.

விட்டுவர வேண்டியவை

1920, 30களின் கார்ட்டூன்களில் கறுப்பின மக்களைக் கேலி செய்த மேடை வழக்கத்தின் நிழல் ஆழமாக இருக்கிறது. இனக் கேலியின் காரணமாகவே 1968ல் வார்னர் கார்ட்டூன்கள் 11 ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டன. தடித்த உதடு, ‘காட்டுவாசி’ வேடம், கிழக்காசிய முகத்தின் கேலிக் கண் ஆகியவை உங்கள் ஆய்வு 30 விநாடியில் இருந்தால், அவற்றை அப்பாவித்தனமாகப் பிரதியெடுத்துவிடாதீர்கள். அந்தப் படங்களின் உயிர் அதில் இல்லை. விதித்தாளைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு உருவ முடிவுக்கும் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்டுவிடுங்கள்.

உரிமை விஷயம்: ‘ஸ்டீம்போட் வில்லி’ அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. அந்தப் படத்தில் உள்ள மிக்கி மட்டும்தான். பிற்கால மிக்கியின் புதிய அம்சங்கள் அதில் சேராது, வணிகச்சின்னச் சட்டம் தனியாக நிற்கிறது. 1929ல் காமிக்ஸில் வந்த பாப்பாயும் டின்டினும் 2025ல் அங்கே அதே நிலைக்கு வந்தார்கள். ஆனால் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு என்று கணக்கிடும் நாடுகளில் 1983ல் இறந்த எர்ஜேயின் படைப்புகள் 2053 முடியும்வரை காப்பில் இருக்கும். பாத்திரம் உங்களுடையதாக இருக்கட்டும். மூதாதையிடமிருந்து விதியை எடுங்கள், முகத்தை எடுக்காதீர்கள்.

கடைசிப் பூச்சு

கறுப்பு வெள்ளையில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் பாத்திரத்துக்கு மட்டும். பின்னணி 30 முதல் 70 சதவீதச் சாம்பலுக்குள் நிற்கட்டும், வாட்டர்கலர் கரைசல் போல. அப்போதுதான் உருவம் பிரிந்து தெரியும். ஒலியை மோனோவாக்கி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6,000க்கு மேலும் வெட்டுங்கள். படத்துக்கு ஃப்ரேமுக்கு ஒரு பிக்சல் அளவு ஆட்டம், மெல்லிய மணல்துகள், அவ்வளவு போதும். கீறல், முடி, எரிந்த ஓரம் எதுவும் வேண்டாம். அவை பிரதி பழசானதன் அடையாளங்கள். 1930ல் திரையரங்கில் புதுப் பிரதியைப் பார்த்தவர்கள் கண்டது பளிச்சென்ற படம்.

முடிந்ததும் இரண்டு சோதனை. ஒலியை அணைத்து ஒருவருக்குக் காட்டி, என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தில் நிழலுருவம் தெளிவாக இல்லை. பிறகு பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வண்ணமே இல்லாத பென்சில் கோட்டில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அது எந்தக் கிளை என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தாளத்திலும் போஸிலும் வேலை பாக்கி.

இரண்டாம் அத்தியாயத்துக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி நடை, ஓட்டம், திகைப்பு, விழுதல், வாய் வடிவங்கள் எல்லாவற்றையும் பெயரிட்டுத் தனித்தனிக் கோப்பாக்கி வையுங்கள். 1963ல் ஆஸ்ட்ரோ பாய் தொடரை வாரம் ஓர் அத்தியாயமாகக் கொண்டுவர தெசுகாவின் குழு இப்படித்தான் வரைந்தவற்றைச் சேமித்து மறுபடி எடுத்தது. அதை அவர்கள் ‘பேங்க்’ என்றார்கள். கோப்பின் பெயரிலேயே ஃப்ரேம் எண்ணிக்கையையும் ஒரு சைக்கிளில் கடக்கும் நீளத்தையும் எழுதிவிடுங்கள்: ‘நடை_24_288’. மூன்று மாதம் கழித்து அந்த இரண்டு எண்ணும் இல்லாமல் கோப்பைத் திறந்தால் பின்னணியை எவ்வளவு நகர்த்துவது என்று மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.